அக்கா மன்னித்துவிட்ட குற்றம்

என் அக்கா புருஷன் அவளை அடித்தான் என்று ஒரு நீதிபதி எழுதியிருக்கிறார். அவளுக்கு இடது காது கேட்காமல் போனது அந்த அடியால்தான் என்றும் எழுதியிருக்கிறார். இந்தப் பெண் பொய் சொல்லத் தெரியாதவள், இவள் சொன்னதை எல்லாம் நம்புகிறேன் என்றும் எழுதியிருக்கிறார். இவ்வளவையும் எழுதிவிட்டு அவள் வழக்கைத் தள்ளுபடி செய்தார். எனக்கு வயசாகிவிட்டது, ரத்தக் கொதிப்பு இருக்கிறது, பழசை நினைத்துக் கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டாக்டர் கிடக்கட்டும்.

அக்கா புருஷனை ஒரு காலத்தில் அத்தான் என்று வாய் நிறையக் கூப்பிட்டிருக்கிறேன். பெரியவர்களை மரியாதையாகப் பேசு என்று ஆயுசு பூராவும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். இந்த ஒருத்தனுக்கு மட்டும் என் நாக்கு மரியாதை கொடுக்க வராது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் மயிலாப்பூரில் கடற்கரையை ஒட்டிக் குடியிருந்த வேதக்காரக் குடும்பம். அப்பா முன்னாலேயே போய்விட்டார். அம்மா, அக்கா, நான். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு நான் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தேன். அக்காவைத் தியாகராய நகரில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குட்டி அதிகாரி. வெளியே பார்த்தால் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத ஆள். பூசைக்கு முதல் ஆளாக வந்து முழங்காலில் நிற்பான். சாமியாரைக் கண்டால் இடுப்பை ஒடித்து ஸ்தோத்திரம் சொல்வான். வீட்டுக் கதவைச் சாத்திவிட்டால் வேறே ஆள். காப்பி ஆறியிருந்தாலும் அடி, சுட்டாலும் அடி, பதமாக இருந்தால் இத்தனை நாள் ஏன் இப்படிப் போடவில்லை என்று அடி.

அக்கா இதையெல்லாம் மென்று விழுங்கிக்கொண்டுதான் இருந்தாள். எங்களிடம் மூச்சு விடவில்லை. யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் காலையில் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். காதிலிருந்து கழுத்துவரை ரத்தம் காய்ந்திருந்தது. “இன்னாமா பாத்துகினு நிக்கறே, காதுல இன்னும் வந்துகினே கீது, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ” என்று ரிக்‌ஷாக்காரர்தான் அம்மாவை அதட்டினார். அம்மா கல் மாதிரி நின்றுவிட்டாள். ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் காதைப் பார்த்த டாக்டர், சவ்வு கிழிந்துவிட்டது, இனிமேல் இந்தக் காதில் கேட்காது என்றார். குழந்தை, ஐந்து வயசுப் பெண், என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. நாங்கள் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

லஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் இருந்தார். பிராமணர், பெரிய படிப்பாளி. எங்கள் பள்ளிக்கூடத்து மதர் சொல்லித்தான் அவரிடம் போனோம். நல்ல மனுஷர். அவர்மேல் எனக்குப் பாதிக் கோபம்தான்.

“உங்களவாளுக்கு இங்கிலீஷ்காரன் சட்டம்தாம்மா” என்றார் அவர். “இப்ப எங்காத்துல ஒரு பொண்ணுக்கு இப்படி ஆனா அதுக்கு வேற வழி. கிறிஸ்தவாளுக்குன்னு வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டு வெச்சிருக்கான். அதுல என்ன சொல்லியிருக்குன்னா, லண்டன்ல இருக்கற கோர்ட்டு எந்தக் கொள்கைப்படி தீர்ப்பு சொல்லுமோ, அதே கொள்கைப்படி இங்கயும் சொல்லணும்.”

எனக்கு அன்றைக்கே சிரிப்பு வந்தது. நாங்கள் கருவாட்டுக் குழம்பு சாப்பிடுகிறவர்கள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுதத் தெரியாது. ஞானஸ்நானம் வாங்கின ஒரே காரணத்துக்காக எங்கள் குடும்பச் சண்டையை மட்டும் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வக்கீல் விவரமாகச் சொன்னார். எங்கள் மார்க்கத்தில் கல்யாணத்தை முறிக்க முடியாது, அது வேண்டவும் வேண்டாம். ஆனால் புருஷன் குரூரமாக நடந்தால், அவனைவிட்டுத் தனியாக வாழ கோர்ட்டு அனுமதி கொடுக்கும். அப்படிக் கொடுத்தால் குழந்தையைத் தாயிடம் விடச் சொல்லியும் உத்தரவு போடலாம். “கேஸ் தோத்துப்போனா?” என்று நான் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “குழந்தைக்கு இயற்கையான கார்டியன் அப்பாதாம்மா. தோத்தா அவன் வந்து அழைச்சிண்டு போயிடுவான். தடுக்க முடியாது.”

அக்கா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “எனக்கு ஜீவனாம்சம் வேணாம், நகை வேணாம், ஒண்ணும் வேணாம்” என்றாள். “பாப்பா எங்கிட்ட இருக்கணும். அந்த வீட்டுல அவ வளரக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு.”

கிறிஸ்துமஸ் முடிந்ததும் மனு போட்டோம். அவனுக்குச் சம்மன் போனது. கொஞ்ச நாள் கிணற்றில் போட்ட கல் மாதிரி அங்கேயிருந்து சத்தமே இல்லை. அப்புறம் தபசுகாலம் வந்தது, எங்கள் நோன்பு நாட்கள்.

எங்கள் கோயில் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற ஊர்களில் எப்படியோ தெரியாது. பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாளுக்கு முன்னால் பெரிய வாரத்தில், சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் தெருத் தெருவாக வருவார். எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் பேச்சு இல்லை, எந்த அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம், எந்தப் பெண்டாட்டி அம்மா வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். போய்ப் பேசி, பிரிந்தவர்களைச் சேர்த்துவைப்பார். பாஸ்கு ஞாயிறு விடியற்காலைப் பூசையில் அந்த இரண்டு பேரும் பீடத்துக் கிராதிக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் இருந்து சாமியார் கையால் நற்கருணை அப்பம் வாங்க வேண்டும். அண்ணன் தம்பி என்றால் அன்றைக்கு ஒரே பானையில் சாப்பிட வேண்டும். புருஷன் பெண்டாட்டி என்றால் அவள் அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போய், அடுத்த ஞாயிறுவரையாவது இருந்துவிட்டு வர வேண்டும். பாஸ்குச் சமாதானம் என்று இதற்குப் பேர். வேண்டாம் என்று சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. சொன்னால் அந்த வருஷம் நற்கருணை கிடையாது. பாஸ்குக்கு நற்கருணை வாங்காதவளைத் தெருவே ஒரு மாதிரிப் பார்க்கும்.

அவன் அந்த வருஷம் எங்கள் பங்குச் சாமியாரிடம் போய் அழுதிருக்கிறான். நிஜமான கண்ணீர். சாமியார் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். கல் மனசோ உங்கள் பெண்ணுக்கு, அவன் மண்டியிட்டுக் கேட்கிறான் என்றார். அக்கா தன் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். வரும்போது முகம் சிவந்திருந்தது. உள்ளே நடந்ததைச் சாமியார்தான் வெளியே சொல்லக் கூடாது, அக்கா சொல்லலாம், சொன்னாள். மன்னிக்காமல் நற்கருணை வாங்கினால் அது சாவான பாவம், மன்னித்தேன் என்று வாயால் சொன்னால் போதாது, மனசால் மன்னித்து அவன் வீட்டு வாசற்படியை மிதிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

“நீ போக வேணாம்” என்று நான் சொன்னேன். “கேஸு நடக்குது. வக்கீலைக் கேட்டுட்டுப் போ.”

அம்மா என்மேல் எரிந்து விழுந்தாள். “பாஸ்குச் சமாதானத்துக்கு வக்கீலைக் கேட்டுட்டுப் போறவங்க எந்த ஊர்லடி இருக்காங்க? இது கோயில் விஷயம். கோர்ட்டு விஷயம் அது பாட்டுக்கு அது.”

அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். எங்கள் தெருவில் இருந்த எல்லோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். கோயில் வேறே, கோர்ட்டு வேறே. அவன் ஒருத்தன்தான் இரண்டும் ஒன்று என்று தெரிந்து வைத்திருந்தான். அவனுக்கு ஒரு வக்கீல் இருந்தான் அல்லவா.

பாஸ்கு அன்றைக்கு ஊரே பார்க்க இரண்டு பேரும் கிராதிக்கு முன்னால் முழங்காலில் இருந்தார்கள். அம்மா அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூசை முடிந்து அக்கா பாப்பாவோடு அவனுடன் போனாள்.

அந்த ஒரு வாரம் அவன் தங்கமாக இருந்தான். காய்கறி வாங்கிக்கொண்டு வந்தானாம். பாப்பாவுக்குப் பனகல் பார்க் பக்கத்துக் கடையிலிருந்து ரிப்பன் வாங்கினானாம். அக்காவைப் பார்த்து, சாப்பிட்டியா என்று கேட்டானாம். கல்யாணமாகி அந்தக் கேள்வி அவள் காதில் விழுந்ததே அப்போதுதான். எதிர்வீட்டுக்காரரையும் அவர் சம்சாரத்தையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறான். அக்கா இலை போட்டுப் பரிமாறியிருக்கிறாள். அவர்கள், பாருங்கள், எப்படி ஒத்துமையாக இருக்கிறார்கள் என்று வாழ்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அக்காவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வழக்கை வாபஸ் வாங்கிவிடலாமா என்றுகூட நினைத்தாளாம் பைத்தியக்காரி.

அடுத்த ஞாயிறு முடிந்தது. திங்கட்கிழமை காலையில் அவன் ஆபீசுக்குப் போக சட்டைக் கைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, குரலை உயர்த்தாமல், சிரித்துக்கொண்டே சொன்னான்: “இனிமே உன் வக்கீல் என்னத்தைக் கிழிக்கிறான்னு பாக்கறேன். ஊரே பாக்க நீ மன்னிச்சாச்சு.” சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அக்காவுக்கு அவன் சொன்னது புரியவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு புரிந்தது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டாள்.

அவன் தரப்புப் பதில் மனு இங்கிலீஷில் டைப் அடித்து வந்தது. நான்தான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அக்காவுக்கு அர்த்தம் சொன்னேன். அடிக்கவில்லை என்று முதலில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, அப்படியே அடித்திருந்தாலும் மனுதாரர் கண்டோன் செய்துவிட்டார் என்று எழுதியிருந்தது. அது என்னவென்று எனக்கு விளங்கவில்லை. எடுத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினோம்.

அவர் படித்தார். தலையில் கையை வைத்துக்கொண்டார். “நீங்க போய் அங்க தங்கினேளா? என்னை ஒரு வார்த்தை கேட்கப்படாதா?”

கண்டோனேஷன் என்பது இங்கிலீஷ்காரர் சட்டத்தில் ஒரு கோட்பாடாம். புருஷன் செய்த குற்றத்தைத் தெரிந்தே பெண்டாட்டி மன்னித்து, மறுபடி அவனோடு போய் ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்ந்துவிட்டால், அப்புறம் அந்தக் குற்றத்தைச் சொல்லிக் கோர்ட்டுக்கு வர முடியாது. சட்டத்தின் கண்ணுக்கு அது நடக்காத மாதிரி. அடித்தவன் அடித்தவன்தான், செவிடானவள் செவிடுதான், ஆனால் கோர்ட்டுக்குள் நுழைந்தால் ஒன்றுமே நடக்கவில்லை. நான் அவரிடம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டேன். “காது திரும்பக் கேக்குமா சார்? சட்டம் அதையும் நடக்காத மாதிரிப் பண்ணிடுமா?”

“ஒரே ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துட்டுப் போயிருந்தாக்கூடத் தேவலை” என்றார். “வித்தவுட் பிரஜுடிஸ்னு ஒரு வார்த்தை. என் உரிமைகளை விட்டுக்கொடுக்காம வந்து தங்கறேன்னு அர்த்தம்.” நான் நினைத்துப் பார்த்தேன். பாஸ்கு விடியற்காலையில், கிராதிக்கு முன்னால், நாக்கை நீட்டி நற்கருணை வாங்குகிறவள் நெற்றியில் வித்தவுட் பிரஜுடிஸ் என்று எழுதி ஒட்டிக்கொண்டு போக வேண்டுமாம்.

அவருக்குக் கோட்பாடு சொல்வதென்றால் பிடிக்கும். எங்களைத் தேற்றுகிற நினைப்பில் ஒவ்வொன்றாகச் சொல்வார். நீதி கேட்டு வருகிறவன் சுத்தமான கையோடு வர வேண்டும் என்று ஒன்று இருக்கிறதாம். அவன் கையைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோமே. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஆள் என்று அந்த நாளில் ஒன்று இருந்ததாம். ஒரே ஆள் என்றால், அவன் அடித்தபோது அவனுக்கல்லவா காது போயிருக்க வேண்டும்? நியாயமான மனுஷன் என்று ஒருத்தன் இருக்கிறானாம், எந்த விஷயத்திலும் அவன் இருந்தால் என்ன செய்வான் என்று நினைத்துப் பார்ப்பார்களாம். அவன் எங்கே குடியிருக்கிறான், மாம்பலத்திலா, அடையாற்றிலா, அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். வக்கீல் என்னை முறைத்தார்.

ஒரு வழி மட்டும் இருக்கிறது என்றார் கடைசியில். மன்னிப்பு என்பது மனசில் இருக்கிற விஷயம். நான் மனசார மன்னிக்கவில்லை, குழந்தைக்காகவும் ஊர் வாய்க்குப் பயந்தும் போய்த் தங்கினேன் என்று அக்கா கூண்டில் ஏறிச் சொன்னால், அதை வைத்து அவர் வாதாடுவார். “அந்த ஒரு வார்த்தைதாம்மா. மன்னிக்கலேன்னு சொல்லிடு. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

கோர்ட்டுக்குப் போகிற நாள் காலையில் கிணற்றடியில் பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டே அக்கா என்னிடம் சொன்னாள்.

“வேத புஸ்தகத்து மேல கை வச்சு நான் மன்னிக்கலைன்னு சொன்னா, அன்னைக்கு நான் நற்கருணை வாங்கினது துரோகம்னு ஆயிடும்டி. ஆண்டவரோட சரீரத்தைப் பொய்யா வாங்கினவன்னு ஆயிடும்.”

“ஆகட்டும். அப்புறமா பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கோ. பாப்பா வேணுமா, வேணாமா?”

“நான் நிஜமாவே மன்னிச்சேன்டி” என்றாள். “அதுதான் கஷ்டமே. அன்னைக்கு அவரை நிஜமாவே மன்னிச்சுட்டேன்.”

எனக்கு அவளை ஓங்கி ஒன்று போடலாம் போல இருந்தது. இப்படி ஒரு அசட்டு நல்லவளாக அவளை யார் வளர்த்தார்கள் என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

கோர்ட்டில் உபதேசியார் வந்து சாட்சி சொன்னார். நல்ல மனுஷர்தான், ஒரு பொய் சொல்லவில்லை. பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் இருந்ததைப் பார்த்தேன், அவள் அவருடன் போனதைப் பார்த்தேன் என்றார். எதிர்வீட்டுக்காரர் வந்து, அந்த அம்மாள் கையால் சாப்பிட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தார்கள் என்றார். அப்புறம் அக்காவைக் கூண்டில் ஏற்றினார்கள். அடித்ததையெல்லாம் சொன்னாள். அழவில்லை. திங்கட்கிழமை காலையில் அவன் சிரித்துக்கொண்டு சொன்னதையும் சொன்னாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவன் தன் முறை வந்தபோது சொன்னான். அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை, பாப்பாவைத் தவிர. குழந்தையைக் கூண்டில் ஏற்ற அக்கா சம்மதிக்கவில்லை.

அவன் வக்கீல் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு எழுந்தான். பாஸ்கு அன்றைக்கு நற்கருணை வாங்கினீர்களா என்று கேட்டான். வாங்கினேன் என்றாள். உங்கள் மார்க்கத்தில் மன்னிக்காமல் அதை வாங்கலாமா என்று கேட்டான். கூடாது என்றாள். அப்படியானால் நீங்கள் உங்கள் கணவரை மன்னித்தீர்களா?

எங்கள் வக்கீல் எழுந்து ஏதோ ஆட்சேபம் சொன்னார். நீதிபதி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அக்கா வலது காதைத் திருப்பி, இன்னொரு தடவை கேளுங்கள் என்றாள். கேட்டான். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

“மன்னிச்சேன்.”

“முழு மனசோடா?”

“முழு மனசோடதான். அரை மனசோட மன்னிக்க நான் எதுக்குக் கோயிலுக்குப் போகணும்? ஆனா மன்னிச்சேன்னா, மறுபடி அங்க போய் இருக்கேன்னு அர்த்தம் இல்லைங்க. பாப்பாவை அங்க விடறேன்னும் அர்த்தம் இல்லை.”

கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் இவ்வளவையும் கேட்டுவிட்டு, நீதிபதி பக்கம் திரும்பி “யெஸ்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார். நான் எழுந்து, அவள் இன்னும் சொன்னாள் என்றேன். சேவகன் வந்து என்னை உட்கார வைத்தான். எங்கள் வக்கீல் பிற்பாடு எழுந்து அந்த மிச்சத்தையும் இங்கிலீஷில் சொல்லத்தான் செய்தார். நீதிபதி தலையசைத்தார். ஆனால் பேனா எழுதவில்லை.

தீர்ப்பு வருவதற்குள் சுதந்திரம் வந்துவிட்டது. எங்கள் தெருவிலும் மிட்டாய் கொடுத்தார்கள். கோர்ட்டு மேலே கொடி மாறியிருந்தது. எனக்கு அசட்டுத்தனமாக ஒரு நம்பிக்கை. நீதிபதி நம்ம ஊர்க்காரர், கொடி நம்ம கொடி, இனிமேல் எதற்கு லண்டன் என்று நினைத்தேன்.

தீர்ப்பை அவர் இங்கிலீஷில் வாசித்தார். அழகான இங்கிலீஷ், அதை நான் மறுக்க மாட்டேன். மனுதாரர் உண்மையானவர் என்றார். அடித்தது நிரூபணமாகிவிட்டது என்றார். காது போனது வருத்தத்துக்குரியது என்றார். அதன் பிறகு, எப்போதோ செத்துப்போன ஓர் இங்கிலீஷ்காரியின் வழக்கைப் பற்றி வெகுநேரம் படித்தார். அவளும் ஏதோ காரணத்துக்காகப் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போனாளாம். அவளுக்கு அங்கே என்ன சொன்னார்களோ அதுவே என் அக்காவுக்கும். அவள் பாஸ்குச் சமாதானத்துக்குப் போனாளா, அவள் தெருவுக்கு ஓர் உபதேசியார் வந்தாரா, போகாவிட்டால் அவளுக்கு நற்கருணை கிடையாது என்று யாராவது சொன்னார்களா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கணவர் மறுபடி கை நீட்டியதாகச் சாட்சியம் இல்லை, மனைவி தன் வாயாலேயே முழுமையாக மன்னித்ததாகச் சொல்லியிருக்கிறார், ஆகவே மனு தள்ளுபடி. குழந்தை தகப்பனிடம் இருக்க வேண்டும். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போனானே, போகிறபோது இதையும் ஒரு மூலையில் சுருட்டி வைத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா?

வெளியே வராந்தாவில் எங்கள் வக்கீல் வந்து நின்றார். முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் ஒரு நல்ல சேதி கொண்டு வந்தவர் மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

“மனசைத் தளர விடாதேங்கோ. கண்டோனேஷனுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அவன் இனிமே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கையை நீட்டட்டும். பழசெல்லாம் உயிரோட எழுந்துண்டு வந்துடும். சாட்சி மட்டும் இருக்கணும். அந்த அடியை வெச்சு நான் மறுபடி கேஸ் போட்டு ஜெயிச்சுக் காட்டறேன். ஆனா அடியா இருக்கணும். திட்டினான், பேசாம இருந்தான், மூஞ்சியைத் திருப்பிண்டான்னு வந்தா அதை லண்டன்லயும் குரூரம்னு எடுத்துக்க மாட்டா, இங்கயும் எடுத்துக்க மாட்டா.”

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஒரு பெண் மறுபடி அடி வாங்கினால் ஜெயிக்கலாம் என்று சொல்கிறோம் என்பதே அவருக்கு உறைக்கவில்லை. என் வாயில் வந்ததை நான் அடக்கிக்கொண்டேன். அக்கா மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், வலது காதை அவர் பக்கம் திருப்பி.

அவன் அந்த வாரமே பாப்பாவை அழைத்துப் போக வந்தான். தீர்ப்பில் அக்கா போக வேண்டும் என்று ஒரு வரிகூடக் கிடையாது. சட்டம் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை, அவள் இஷ்டம் என்று அவன் வாசலில் நின்றுகொண்டு அம்மாவிடம் மரியாதையாகச் சொன்னான். பாப்பா அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. அக்கா உள்ளே போய்த் தன் புடவைகளை எடுத்து, பாப்பாவின் கவுன்களோடு சேர்த்து ஒரே டிரங்குப் பெட்டியில் வைத்தாள். நான் அவளைத் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பது?

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நான் தியாகராய நகருக்குப் போய்ப் பார்ப்பேன். அவன் அக்காவை அடிக்கவே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டான். எது வேண்டுமானாலும் பாப்பாவிடம் சொல்வான். “உங்கம்மாவைச் சோறு போடச் சொல்லு.” “உங்கம்மாவை அந்த ரூமுக்குப் போகச் சொல்லு.” “உங்கம்மாவுக்குச் செவிடு, உரக்கச் சொல்லு.” குழந்தை முதலில் அழுதது. பிறகு பழகிப்போய், கேட்டதும் உரக்கச் சொல்லத் தொடங்கிவிட்டது. அவள் சமைத்ததைத் தட்டில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், அவள் பார்க்கக் கொல்லையில் கொட்டுவான். ராத்திரி கதவைச் சாத்தி அவளைக் கூடத்தில் படுக்கவைத்தான். குரல் உயராது. அக்கம்பக்கத்துக்குத் தெரியாது. சட்டத்துக்கு இதிலெல்லாம் ஒரு பேரும் கிடையாது.

ஒருநாள் அவன் ஆபீசிலிருந்து வருவதற்கு முன்னால் அடுப்பங்கரையில் நானும் அக்காவும் தனியாக இருந்தோம். மெலிந்து போயிருந்தாள். எப்படியடி இருக்கே என்று கேட்டேன். பாப்பா வெளியே விளையாடுகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன்டி. அவரு நல்ல சட்டையைத் தேய்க்கும்போது வேணும்னே தீச்சு வச்சேன். அவரு அம்மாவைப் பத்திக் கேவலமாப் பேசினேன். எதிர்வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்கும்போது அவங்க முன்னாலயே எதுத்துப் பேசினேன். பல்லைக் கடிக்கிறாரு, சிரிக்கிறாரு, எழுந்து போறாரு. கையை மட்டும் தூக்க மாட்டேங்குறாரு.”